சாரலுக்கும் ஒரு திருகு

தென்காசியில் பிளெக்ஸ் போர்டு டிசைன் பண்ணுகிறவன் நான். விசிட்டிங் கார்டில் மட்டும் ‘உசாமா, காட்சிக் கலைஞர்’ என்று போட்டுக்கொள்வேன்.

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் குத்தாலிங்கம் அண்ணாச்சி, சீசனுக்கு ஓர் அருவிப் படம் கேட்டார். ஒரு வரி எழுதினால் படம் தருகிற ஏஐ ஆப் என் மனைவி ஹஸீபாவின் போனிலேயே இருக்கிறது. கலைஞன் அதைத் தொடலாமா? வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, காற்றுக்கு ஒரு திருகு என்று ஆயிரம் திருகு வைத்த சாப்ட்வேரை வாங்கி, வாரம் முழுக்க உட்கார்ந்து குற்றாலத்துச் சாரலை அச்சு அசலாகக் கொண்டுவந்தேன்.

அண்ணாச்சி பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மானிட்டரைத் துடைத்தார்.

“ஏலே, கடையில தூசியே தட்ட மாட்டியா?”

அவர் துடைத்தது தூசியை அல்ல, என் சாரலை. சோறு கொண்டுவந்திருந்த ஹஸீபா, ‘குற்றாலம் அருவி, அழகா’ என்று போனில் தட்டி நீட்டினாள். நீல வானம், சுள்ளென்று வெயில், எந்த ஊரிலும் இல்லாத அருவி.

“இதுல்லா படம்” என்றார் அண்ணாச்சி.

ஆடியில் வெள்ளம் வந்து, அருவியில் குளிக்கத் தடை போட்டார்கள். காற்றில் சாய்ந்த அந்தப் படத்தின் போர்டை நிமிர்த்திக் கட்ட லாட்ஜுக்குப் போனேன். அருவியில் குளிக்க முடியாத மதுரைக்காரர் ஒருவர், போர்டு முன்னால் குடும்பத்தோடு நின்று, போட்டோ எடுக்கச் சொல்லிப் போனைத் தந்தார். நான் குனிந்தேன், சாய்ந்தேன், வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன், குடும்பத்தையே தள்ளி நிற்கவைத்தேன்.

சாரலில் நனைந்துகொண்டே அவர் சொன்னார்: “அண்ணே, சும்மா அமுக்குங்க, போதும்.”