அத்தை பூசிய கறுப்பு வண்டி

எங்கள் அத்தை தலையில் பூ வைக்க மாட்டாள். எண்ணெய் தடவ மாட்டாள், முகத்துக்குப் பவுடரும் போட மாட்டாள். பெருநகர் என்கிற எங்கள் ஊரின் காலனியில் இதைப் பற்றிப் பேசாத பெண்கள் கிடையாது. ஏதோ வேண்டுதல் என்றார்கள் சிலர். யாரோ ஏமாற்றிவிட்டுப் போய்விட்டான் என்றார்கள் சிலர். உண்மையான காரணம் இரண்டுமே இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில், பெயின்ட் அடிக்கும் பிரிவில் அவள் வேலை பார்த்திருந்தாள். பூவிலிருந்து உதிர்கிற துணுக்கு, கூந்தலின் எண்ணெய்ப் பிசுக்கு, பவுடர் தூள், எது பட்டாலும் ஈரப் பெயின்டில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்துவிடுமாம். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, காற்று பீய்ச்சியடிக்கும் ஓர் அறையில் நின்று தூசியெல்லாம் பறந்த பிறகுதான் உள்ளே விடுவார்களாம். இதை அவள் சொல்லும்போதெல்லாம் நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். வானத்துக்கு ராக்கெட்டில் போய்விட்டு வந்தவள் மாதிரி எனக்கு அவள் தெரிந்தாள்.

ஒப்பந்தக் காலம் முடிந்து கம்பெனி அனுப்பிவிட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. செங்கல்பட்டில் காருக்குக் கோட்டிங் போடும் கடை ஒன்றில் கொஞ்ச காலம் இருந்தாள். அப்புறம் உத்திரமேரூர் ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு பழைய வெல்டிங் ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, வெள்ளையடித்து, வரிசையாக டியூப் லைட் மாட்டித் தானே கடை வைத்தாள். வந்து எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். புது வண்டி மேலே கம்பெனிக்காரனே பெயின்ட் அடித்துத்தானே கொடுக்கிறான், அதற்கு மேலே இன்னும் என்ன பெயின்ட்?

"இது பெயின்ட்டு இல்ல. பெயின்ட்டுக்குத் தோலு" என்பாள் அத்தை. யாருக்கும் புரியாது. எனக்குப் புரிந்த மாதிரி நான் தலையாட்டுவேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அத்தைக்கு அவர் அண்ணன். அதே ரோட்டில் இருந்த நெல் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா அந்த மில் முதலாளியின் கழனியில் வேலை செய்தவர். முதலாளி வீட்டுக்கு நாங்கள் பொங்கலுக்கு மட்டும் போவோம், அதுவும் மாட்டுக்கொட்டகை பக்கமாகச் சுற்றிக்கொண்டு. அதுதான் எல்லோரும் போகும் வழி என்று நான் நினைத்திருந்தேன். அங்கேயும் நைனா எங்களைத் தள்ளியே நிற்கச் சொல்வார்.

முதலாளி அந்த வருஷம் கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய கார் வாங்கினார். வண்டி வந்த அன்று மில்லுக்கு எதிரே கூட்டம் கூடி வேடிக்கை பார்த்ததில் நானும் இருந்தேன். ஆனால் தீபாவளி போய்ப் பொங்கல் வருவதற்குள் அதன் மினுமினுப்பு போய்விட்டது. மில்லிலிருந்து நாள் பூராவும் பறக்கிற தவிட்டுத் தூசி அதன்மேல் படியும். டிரைவர் காய்ந்த துணியை எடுத்து வட்ட வட்டமாகத் தேய்த்துத் துடைப்பார். வெயிலில் நிறுத்தினால் வண்டி முழுக்கச் சிலந்தி வலை பின்னினது போலக் கீறல் தெரியும். முதலாளிக்கு அது தாங்கவில்லை. காஞ்சிபுரத்தில் விசாரித்திருக்கிறார், அங்கே வண்டியைப் பல நாள் விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் டிரைவர்தான் அத்தையின் கடையைப் பற்றிச் சொன்னாராம்.

முதலாளி கடைக்கே வந்து இறங்கினார். மெட்ராஸில் அவருடைய சொந்தக்காரர் வண்டி முழுவதும் கண்ணாடி மாதிரி ஒரு பிலிம் ஒட்டியிருக்கிறார், அதையே ஒட்டிவிடு என்றார். அத்தை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கல் தெறிக்கிற ரோட்டில் வேகமாக ஓடுகிற வண்டிக்குத்தான் பிலிம் வேண்டும், உங்கள் வண்டிக்கு எதிரி கல் இல்லை, தவிடும் காய்ந்த துணியும்தான் என்றாள். மெழுகு போடலாம், ஆனால் ஒரு மழைக்காலத்தோடு போய்விடும். கண்ணாடி போல இறுகிக்கொள்ளும் செராமிக் கோட்டிங் போட்டால் சில வருஷம் நிற்கும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் மட்டும் என்றாள். முதலாளி சரி என்றார்.

அன்றைக்கு நைனா வீட்டில் சாப்பிடவில்லை. அந்த வண்டி மேல் ஒரு கீறல் விழுந்தாலும் மில்லில் தான் தலைகாட்ட முடியாது, வேறு யார் வண்டியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இது வேண்டாம் என்று தங்கையிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "கீறல் ஏற்கெனவே கீதுண்ணா. அத எடுக்கத்தான் வண்டி வருது."

பொங்கல் லீவில் வண்டி வந்தது. நான் வேடிக்கை பார்க்கப் போனேன். அத்தை என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, எழுந்து ஓடினால் தூசி கிளம்பும் என்று சொல்லிவிட்டாள். தரை முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தாள். எதிர்க் கழனியில் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் வாசலில் பெரிய பிளாஸ்டிக் படுதா கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

முதலில் வண்டியை நுரை போட்டுக் கழுவினாள். கழுவிய பிறகு எனக்குச் சுத்தமாகத்தான் தெரிந்தது. அத்தை ஒரு மெல்லிய பாலிதீன் கவரை என் கையில் மாட்டி, பானட்டின் மேல் தடவிப் பார்க்கச் சொன்னாள்.

சொரசொரவென்று மணல் மாதிரி இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, வெறுங்கைக்கும் தெரியவில்லை, கவரைப் போட்டால் மட்டும் தெரிந்தது. அப்புறம் களிமண் உருண்டை போலிருந்த ஒன்றை எடுத்து, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே அந்த இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டினாள். உருண்டை பழுப்பாகிக்கொண்டே வந்தது. திரும்பவும் தடவச் சொன்னாள். இப்போது கையில் ஒன்றுமே இல்லை. வழுக்கிக்கொண்டு போனது. நான் கவரைக் கழற்ற மறுத்து சாப்பாடு கொண்டுவந்த பாத்திரம், முக்காலி, என் கன்னம் எல்லாவற்றையும் அன்று பூராவும் தடவிப் பார்த்தேன்.

பிறகு பாலிஷ் மெஷினை ஓட்டினாள். கண்ணாடியின் ரப்பர் ஓரங்களில் எல்லாம் நாடா ஒட்டிவிட்டு, ஒரு கைக்குட்டை அளவு இடமாகப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் டார்ச் அடித்துக் காட்டினாள். தேய்க்காத பாதியில் வெளிச்சத்தைச் சுற்றி ஆயிரம் வளையங்கள். தேய்த்த பாதியில் ஒரே ஒரு வெளிச்சம், குத்துக்கல் மாதிரி. நடுவில் கோடு கிழித்தது போல இரண்டு வேறு கறுப்புகள். கறுப்பு என்றால் ஒரே நிறம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கடைசியாகத்தான் கோட்டிங். விரல் நீளத்துக்கு ஒரு பாட்டில். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக துணி சுற்றிய ஒரு சின்னக் கட்டையில் விட்டு, நெடுக்கே ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை இழுத்தாள். எதுவும் ஆகவில்லை. கொஞ்சம் பொறுத்து, அந்தக் கறுப்பின் மேல் பச்சையும் ஊதாவும் மஞ்சளும் மெல்லக் கிளம்பி வந்தன. சோப்புக் குமிழியின் மேல் ஓடுமே, அந்த மாதிரி. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். நிறங்கள் சரியான பதத்துக்கு வருகிறவரை அத்தை குனிந்து நின்று காத்திருந்தாள். சீக்கிரம் துடைத்தால் ஒட்டாது, நேரம் கடந்தால் கறையாக இறுகிவிடும். அந்த நேரத்தில் அவளைக் கூப்பிட்டாலும் காதில் விழாது. மெத்தென்ற துணியால் ஒரே துடைப்பு. நிறங்கள் போய்விட்டன. அங்கே ஏரி நிறைந்து காற்றில்லாமல் கிடக்கிற மாதிரி ஓர் ஆழம் இருந்தது. அதற்குள் டியூப் லைட்டுகள் தொங்கின, ஷெட்டின் கூரை தொங்கியது, முக்காலியும் நானும் தலைகீழாகத் தொங்கினோம். எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னது மறந்து எழுந்து நின்றுவிட்டேன். அத்தை திட்டவில்லை. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் நைனா மில்லிலிருந்து நேராக வந்தார். உடம்பெல்லாம் தவிடு. அதனால் உள்ளே வராமல் படுதாவை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவர் பின்னாலேயே முதலாளியும் அவருடைய மச்சானும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். நைனா தலைத்துண்டை உருவிக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்.

முதலாளி உள்ளே வந்து அப்படியே நின்றுவிட்டார். இது தன் வண்டிதானா என்று சந்தேகம் வந்தவர் மாதிரி நம்பர் பலகையை ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே பானட்டைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றாள் அத்தை.

சத்தமாகச் சொல்லவில்லை. அடுப்பில் சோறு கொதிக்கும்போது என்னிடம் சொல்வாளே, அதே குரல்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இன்னும் காயல."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மச்சான் முதலாளியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். நைனாவின் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பெரியவர்கள் எல்லோரும் ஏன் இப்படி உறைந்து நிற்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காயாத பெயின்டைத் தொடக் கூடாது என்பது எனக்கே தெரியுமே.

முதலாளி கையை இழுத்துச் சட்டைப் பையில் விட்டு எதையோ தேடினார். இரண்டடி பின்னால் போனார். "எம்மா நேரம் ஆவும்?" என்று கேட்டார்.

"நாளைக்கு வெயில் வந்தப்புறம் எடுத்துக்குங்க. இப்ப வெளிய எடுத்தா பனி எறங்கிக் கறை நின்னுடும்."

விடிந்தால் குடும்பத்தோடு பழையசீவரம் மலைக்கோயிலுக்குப் போகவேண்டும், வண்டி இன்றைக்கே வேண்டும் என்றார் முதலாளி. நைனா வாசலில் நின்றபடியே தணிந்த குரலில், கொடுத்துவிடும்மா, முதலாளி கேட்கிறார் இல்லையா என்றார். அத்தை அவர் பக்கம் திரும்பவில்லை.

"தர மாட்டேன்னு சொல்லலண்ணா. வேல முடியலன்னு சொல்றேன்."

முதலாளி வண்டி பக்கம் திரும்பினார். அந்தக் கறுப்புக்குள் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது, பக்கத்தில் அத்தையின் முகமும் தெரிந்தது. இரண்டும் ஒரே அளவாக இருந்தன. "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மச்சானின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்து போய்விட்டார்.

மறுநாள் வெயில் ஏறியதும் டிரைவரோடு வந்தார். இன்னும் ஒரு வாரத்துக்குக் கழுவக் கூடாது, ஆனால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று அத்தை ஒரு கை தண்ணீரை அள்ளிப் பானட்டில் விட்டாள். சேம்பு இலையில் விட்டது போலத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, ஒரு தடமும் விடாமல் ஓடிப்போய்த் தரையில் விழுந்தது. டிரைவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மிச்சமிருந்த துளிகளை அத்தை மெத்துத் துணியால் ஒற்றி எடுத்தாள். காய்ந்த துணியை இனிமேல் வண்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, முதலில் தண்ணீர் விட்டுத் தூசியை இறக்க வேண்டும், துணி துவைக்கிற சோப்புத்தூள் கூடாது, காக்கா எச்சம் போட்டால் அப்போதே கழுவிவிட வேண்டும், புளியமரத்தடியில் நிறுத்தக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலாளி டிரைவரை ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தானும் கேட்டுக்கொண்டார். இடையில் சில சந்தேகங்கள் கேட்டார். அத்தையை நீ என்றும் சொல்லாமல் நீங்கள் என்றும் சொல்லாமல் அந்தக் கேள்விகளை எப்படியோ கேட்டு முடித்தார். பிறகு வண்டியில் ஏறி, கதவைப் பூப்போலச் சாத்திக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் நைனா வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு, தங்கையைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். நேற்று முதலாளியிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார். காயவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொன்னேன் என்றாள் அத்தை. அதற்கு முன்னாடி என்றார் நைனா. தொடாதீங்க, தள்ளி நில்லுங்க என்றேன் என்றாள். அவர் எழுந்து வெளியே போய், தண்ணீர்க் குழாயைத் திறந்து, குளித்த முகத்தைத் திரும்பவும் கழுவிக்கொண்டார்.

அடுத்த நாளும் கேட்டார். அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு கேட்டார். பக்கத்து வீட்டு மாமா வந்தபோது கேட்டார். அத்தை இல்லாத நேரத்தில் என்னிடம் கேட்டார். மில்லில் மெஷின் சத்தத்தில் நாள் பூராவும் நின்று நைனாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நான் முடிவு செய்தேன். ரொம்பக் கவலையாக இருந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எக்கி நின்று, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, அத்தை சொன்னதை ஒவ்வொரு எழுத்தாகக் கத்திச் சொன்னேன்.

"கேக்குதும்மா" என்றார் நைனா. "நல்லாக் கேக்குது. இன்னொரு வாட்டி சொல்லு."

கேட்கிறதென்றால் எதற்கு இன்னொரு வாட்டி என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.