அம்மா தண்ணீர் குடித்த நேரம்

மரக்காணத்தில் இருந்து கீழ்புத்துப்பட்டு வரைக்கும் எந்த வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் வீடியோ என் கடையில் இருந்துதான் போகும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைதான். மூன்றாம் வகுப்பைக்கூட நான் முழுசாகத் தாண்டவில்லை. கேமராவோடு வரும் இங்கிலீஷ் புத்தகத்தில் படத்தை மட்டும் பார்த்து, பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டவன். இன்றைக்கு என்னிடம் இருக்கும் கேமராவில் மணப்பெண்ணின் புருவத்தில் ஒட்டிய அட்சதையில் எந்த அரிசி முனை உடைந்தது என்று பார்த்துச் சொல்லலாம். என் பையன் இன்ஜினியருக்குப் படித்தவன். இப்படி மயிருக்கு மயிர் தனியாகத் தெரியும் படம் எந்த நாட்டில் முதலில் வந்தது, நம் நாட்டுக்கு எப்போது வந்தது என்று எனக்கே பாடம் எடுப்பான். "டேய், அது நம்ம நாட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே மரக்காணத்துக்கு வந்துடுச்சுடா" என்பேன். சிரிப்பான்.

சிரிக்கட்டும். எழுபதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, அந்த மாதிரிப் படத்தை நான் எங்கள் உப்பளத்துக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தேன். படத்தில் இருந்தது என் அப்பாவும் அம்மாவும்.

எங்கள் அளத்தில் ஜோடியாகத்தான் வேலை. புருஷன் பாத்திக்குள் இறங்கி, நீளக் கம்பில் பூட்டிய பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்குவான். பெண்டாட்டி அதைக் கூடையில் அள்ளி மேட்டில் கொட்டுவாள். ஜோடியில் ஒரு ஆள் விழுந்தால் ஜோடியே போச்சு. வெள்ளை வெளேரென்ற உப்பில் வருஷக்கணக்காக வெயிலைப் பார்த்துப் பார்த்துப் பலருக்குக் கண் போய்விடும். முந்தின வருஷம் அப்படிக் கண் மங்கிய ஒருவர் தடுமாறி வரப்பை மிதித்து உடைத்துவிட்டார். பக்கத்துப் பாத்தித் தண்ணீர் பாய்ந்து, வாருவதற்கு இருந்த உப்பெல்லாம் கரைந்து போனது. பொழுது சாய்வதற்குள் அவரையும் அவர் பெண்டாட்டியையும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கண் தெரியாதவனைப் பாத்தியில் இறக்கக் கூடாது என்று முதலாளியும் சொல்லிவிட்டார்.

என் அப்பாவுக்கு அப்போதே கண் போயிருந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. கருவிழி நாவல்பழம் மாதிரி கறுப்பாக, பளபளவென்று இருக்கும். கண் போன விஷயம் அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது அம்மாவின் வாய்தான். எங்கள் அளத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். விடிந்து வேலைக்கு இறங்கியதில் இருந்து கரை ஏறும் வரை அவள் வாய் ஓயாது. "யோவ், வலக்கைப் பக்கம் அம்மாம் உப்பு கெடக்குது, அதை உன் ஆத்தாளா வந்து வாருவா?" "வரப்பு காலுக்குக் கீழ வந்துடுச்சு, ஏறி மிதிச்சுடாத, அப்புறம் உன் அப்பனா வந்து கட்டுவான்?" "போதும்யா நெட்டுக்கப் போனது, திரும்பு, இடுப்பு வளையாதா உனக்கு?" கூடையோடு மேட்டுக்குப் போகும்போதும் உடம்பு அங்கே இருக்கும், குரல் இங்கே பாத்தியில் நிற்கும். வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். "வாசப்படிகிட்ட குடம் வெச்சிருக்கேன், எத்தித் தள்ளுனீன்னா பாரு." அப்பா ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார். ரேடியோ வீட்டுப் பையன் என்று பசங்கள் என்னைக் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாதா சுரூபத்தைப் பார்த்து, எங்கம்மா வாயைக் கொஞ்சம் அடைச்சு வை தாயே என்று நான் வேண்டிக்கொண்டதுண்டு.

அந்தக் காலத்தில் இடையஞ்சாவடிப் பக்கத்துப் பொட்டலில் வெள்ளைக்காரர்கள் குடிசை போட்டுத் தங்க ஆரம்பித்திருந்தார்கள். அதில் ஒருவர் தன் நாட்டில் டிவி கேமரா செய்யும் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவராம். பனைமரம் மாதிரி உயரம். வேனில் ஜெனரேட்டரும், பீரோ படுத்த மாதிரி ஒரு மிஷினும் ஏற்றிக்கொண்டு அளத்துக்கு வந்தார். கூட வந்த டிரைவர் குயிலாப்பாளையத்துக்காரர், வெள்ளைக்காரர் பேசுவதை எங்களுக்குத் தமிழில் சொல்வார்.

"இப்ப ஊர் உலகத்துல இருக்குற டிவி படம்லாம் கோணிப்பை மாதிரியாம். இவரு பண்றது பட்டுப்பொடவை மாதிரியாம். இழை அவ்ளோ நெருக்கமாம்" என்றார் டிரைவர். "இந்த வெயில்ல, இந்த வெள்ளையில, உப்பு கல்லு கல்லா தனியாத் தெரிஞ்சுட்டா மிஷின் பாஸு. இல்லைன்னா இவரு ஃபெயிலு."

முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். எந்த ஜோடியை எடுப்பது என்று மேஸ்திரிதான் முடிவு செய்ய வேண்டும். அவர் நேராக அம்மாவிடம் வந்தார்.

"எங்களை உட்டுடு மேஸ்திரி. கிழக்கால பாத்தியில சின்னஞ்சிறுசுங்க இருக்குது, அதுங்களை எடுக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

"அதுங்க ஊமைக் கோட்டானுங்க. உன் வாய்க்குத்தான் உன்னைக் கூப்பிடுறேன். வெள்ளைக்காரன் ஊர்ல எல்லாம் கேக்கட்டும், மரக்காணத்து ரேடியோ இன்னான்னு."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா குரல் வந்த திசையைப் பார்த்துச் சிரித்தார். "எடுத்துட்டுப் போட்டும் வா. நீ பேசு, நான் வாருறேன்" என்றார்.

அம்மாவுக்கும் அதில் தைரியம் வந்திருக்க வேண்டும். வாய் இருக்கும்வரை பயம் இல்லை என்று நினைத்திருப்பாள். இத்தனை நாள் ஊரே பக்கத்தில் நின்று பார்த்தும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லையே.

படம் லேசில் பிடிபடவில்லை. உப்புக் காற்று மிஷினுக்குள் புகுந்துவிடும். படம் எழுதும் முனையை வெள்ளைக்காரர் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்பார், மறுபடி ஓட்டுவார், நின்றுவிடும். வண்டிச்சக்கரம் மாதிரி பெரிய ரீல். ஆனால் அது ஓடுகிற வேகத்துக்கு ஒரு சுருட்டு பிடிக்கும் நேரத்தில் தீர்ந்துவிடும். மிஷின் கொசுக்கூட்டம் மாதிரி கத்தும். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அப்பா பாத்தி நடுவில் வெயிலில் நிற்பார், அம்மா மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பாள். அன்றைக்கு அவள் பேசியது மாதிரி என்றைக்கும் பேசியதில்லை. வரப்பில் கிடந்த கேமரா கேபிளைத் தாண்ட வைப்பதற்கே அப்பாவின் மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டினாள்.

கடைசியில் மிஷின் ஒழுங்காக ஓடியது. அந்த ஓட்டத்தின் நடுவில் அம்மாவுக்குத் தொண்டை வறண்டு, வரப்பில் இருந்த பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தாள். எனக்கு அது விசேஷமாகத் தெரியவில்லை. பெண்டாட்டி கொஞ்சம் வாயை மூடினாள், புருஷன் கொஞ்சம் இளைப்பாறினான், அவ்வளவுதான்.

சாயங்காலம் உப்புக் கொட்டகைக்குள் டிவிப் பெட்டியை வைத்து, வாசலில் கோணி கட்டி இருட்டாக்கினார்கள். முதலாளி பாண்டிச்சேரியில் இருந்து காரில் வந்திருந்தார். அவருக்கும் வெள்ளைக்காரருக்கும் நாற்காலி. நாங்கள் மூட்டைகள் மேல். அப்பா அம்மாவோடு சுவரோரம் தரையில். நான் எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தேன். என் அப்பன் ஆத்தாள் படமல்லவா.

கறுப்பு வெள்ளைதான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு படத்தை மறுபடியும் நானே என் கேமராவில் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் பார்த்தேன். உப்பு கல்லு கல்லாகத் தெரிந்தது. அம்மாவின் ரவிக்கையில் தையல் விட்ட இடம் தெரிந்தது. பலகையில் இருந்து சொட்டிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணலாம். கொட்டகையே வாயைப் பிளந்தது.

"இன்னாப்பா, ரேடியோ வாய் ஓடுது, சத்தத்தைக் காணோம்?" என்று யாரோ கத்தினார்கள்.

டிரைவர் விசாரித்துச் சொன்னார்: "சத்தம் வராதாம். படத்துக்கே டேப்பு பத்தலையாம். அவ்ளோ டேப்பையும் படமே தின்னுடுதாம்."

கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. அம்மாவின் வாய் மீன் வாய் மாதிரி திறந்து திறந்து மூடியது. நானும் சிரித்தேன். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

பிறகு சிரிப்பு ஒவ்வொரு மூட்டையாகக் குறைந்தது. சத்தம் இருந்தபோது எல்லோர் காதும் அம்மாவிடம் இருந்தது. சத்தம் போனதும் கண்ணுக்கு வேலை வந்துவிட்டது. அம்மாவின் வாய் அசைந்தால் அப்பாவின் தலை அந்தப் பக்கம் சாய்கிறது. வாய் வேகமாக அசைந்தால் கால் நிற்கிறது. அப்புறம் அம்மா பானையிடம் குனிந்தாள். அப்பா அப்படியே நின்றார். பலகையைப் பாதி தூக்கியபடி, ஒரு கால் அந்தரத்தில். வரப்பு அந்தக் காலுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. அம்மா குடித்து, வாயைத் துடைத்து, உதட்டை அசைத்தாள். கால் பின்னால் இறங்கியது.

வெள்ளைக்காரருக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆள் அசையாமல் நிற்பதால் படம் கத்தி மாதிரி விழுந்திருக்கிறதாம். ரீலைத் திருப்பி அதையே மறுபடி போட்டார். இன்னொரு தடவையும் போட்டார். எழுந்து போய் டிவிக் கண்ணாடியில் அப்பாவின் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"கண்ணுக்குள்ள உப்பு மேடு தெரியுது பாருங்கங்கறாரு" என்றார் டிரைவர். "இம்மாம் வெளிச்சத்துல இந்த ஆளு இமையே தட்டலையாம். இப்படிக் கண்ணு தான் பார்த்ததே இல்லைங்கறாரு."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அம்மாவின் கை அவர் முழங்காலில் இருந்தது.

கோணியை அவிழ்த்தார்கள். வெளிச்சம் வந்தது. முதலாளிக்கு டீ வந்தது. அவர் அதைக் குடிக்கவில்லை. "ஏம்பா, இப்படி வா" என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா எழுந்து தோளில் இருந்த துண்டை எடுத்தார். அம்மா ஆரம்பித்தாள்: "போய்யா நேரா, மொதலாளி இன்னா பேயா பிசாசா, மூட்டை மேல உழுந்து..."

"நீ வாய மூடு கொஞ்சம்" என்றார் மேஸ்திரி. அவர் குரலில் விளையாட்டு இல்லை.

அப்பா குரல் வந்த பக்கமாகப் போய் நின்றார். முதலாளி டீ கிளாஸை அப்பாவின் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸில் இருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. வெளியே ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. அப்பா அந்தச் சத்தத்தின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, பணிவாகச் சிரித்தபடி, "சொல்லுங்க மொதலாளி" என்றார்.

முதலாளியே தன் கையால் நீட்டியும் டீயைத் தொடாமல் நிற்கிறாரே, என் அப்பாவுக்கு எவ்வளவு மரியாதை தெரிகிறது என்று நான் நினைத்தேன்.

"சொல்லுங்க மொதலாளி" என்றார் அப்பா மறுபடியும்.

முதலாளி கெட்டவர் இல்லை. கிளாஸை மூட்டை மேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெள்ளைக்காரர் தன் மிஷின் பாஸான சந்தோஷத்தில் ஏதோ சொன்னார். டிரைவர் அதை எங்களுக்குச் சொல்லவில்லை.

மேஸ்திரி அம்மாவிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "நாளையிலருந்து உன் ஆளு ஊட்லயே இருக்கட்டும்மா. நீ வேணும்னா தனியா சொமைக்கு வா."

சுமைக்கூலி ஒரு ஆள் வயிற்றுக்கே காணாது. அம்மா சண்டை பிடிப்பாள், மேஸ்திரியின் பரம்பரையையே இழுப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அப்பாவிடம் போய், ஊரே பார்க்க, கையைப் பிடித்தாள். பிடித்தபடியே வரப்பு மேல் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு மானம் போனது. கல்யாணம் பண்ணின புதுசு மாதிரி இது என்ன என்று பத்தடி பின்னால் நடந்தேன். வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாளும் பேசவில்லை. விடியும் முன் போவாள், இருட்டி வருவாள், சோற்றைப் போட்டு அப்பாவின் கைக்கடியில் தட்டை நகர்த்துவாள். அப்பா சுவரோரம் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். கஞ்சிக்கு வழியில்லாமல் அந்த வருஷமே என்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தினார்கள். அதைக்கூட அம்மா வாயால் சொல்லவில்லை. பையை எடுத்து ஆணியில் மாட்டினாள், நான் புரிந்துகொண்டேன்.

இன்றைக்கும் கல்யாண வீட்டில், "பேச்சுச் சத்தத்தை எடுத்துட்டுப் பாட்டு போட்டுடுங்க, படம் பார்க்க அழகா இருக்கும்" என்பார்கள். மாட்டேன் என்று சண்டை பிடிப்பேன். கிழவனுக்குத் தொழில் தெரியவில்லை என்று என் பையனே சொல்கிறான்.

ஆனால் அந்த ஒன்பது வயதில் எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. நடக்காத மனுஷனுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கு யார் சொல்லித் தருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய், மாதா முன்னால் முட்டிபோட்டு, கேட்டதைக் கொடுத்ததற்கு நன்றி சொன்னேன். வெளியே வந்து, எங்கள் வீட்டில் இப்போது சத்தமே இல்லை, எங்கள் அம்மா திருந்திவிட்டாள் என்று பசங்களிடம் தலை நிமிர்ந்து சொன்னேன்.