கடைசி இருக்கை வரை

அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் பாடசாலைப் பேருந்து மூன்று நிமிடம் முந்தி வந்தது. ரெஜினா அன்ரி ஓட்டிய நாட்களில் அது ஒருபோதும் முந்தி வந்ததில்லை. கதவு திறந்தபோது ஓட்டுநர் இருக்கையில் எனக்குத் தெரியாத ஒருவர் இருந்தார். "புரொபசர் என்பது நீதானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டு, வெள்ளிக்கிழமை நான் மறந்துவிட்டுப் போன நூலகப் புத்தகத்தை நீட்டினார். அதில் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்தது. 'புரொபசருக்கு' என்று ரெஜினா அன்ரியின் சாய்ந்த ஆங்கில எழுத்து. அன்ரிக்குச் சனிக்கிழமை காலை மாரடைப்பு வந்ததென்றும், அவர் இனி வரமாட்டாரென்றும் அந்த மனிதர் மெதுவாகச் சொன்னார். காலையில் முதலில் ஏறுபவள் நான்தான். வெறும் பேருந்தில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த தரிப்பு வரும்வரை தனியாக இருந்தேன்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலருக்கு அவர் இங்கே கனடாவில், வோபர்ன் பகுதியில் உங்கள் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி இறக்கியவர். சிலருக்கு மன்னாரிலிருந்து வந்து தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். சிலருக்கு 'அவசரக் கதவு' என்ற ஹார்ட் ரொக் இசைக்குழுவின் பாடகி. பேருந்தின் பின்கதவில் எழுதியிருக்கும் சொற்களைத்தான் அவர் தன் குழுவுக்குப் பெயராக வைத்தார்.

நான் அவரை முதலில் சந்தித்தது ஐந்தாம் வகுப்பில். பாடசாலை வந்து எல்லாரும் இறங்கியது தெரியாமல், பின்னால் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தேன். என்ஜினை நிறுத்தினால் பாடசாலைப் பேருந்தில் எச்சரிக்கை மணியொன்று விட்டுவிட்டு ஒலிக்கும். ஓட்டுநர் ஒவ்வோர் இருக்கையாகப் பார்த்தபடி கடைசிவரை நடந்து, அங்கே இருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் அது நிற்கும். எந்தப் பிள்ளையும் உள்ளே தூங்கியபடி விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி நடந்துவந்தவர் என்னருகில் நின்றார்.

"பிள்ளை, பள்ளிக்கூடம் வந்திட்டுது. கதை எங்க வந்திட்டுது?"

"இன்னும் ரண்டு பக்கம் இருக்கு, அன்ரி."

"அப்ப கெதியா முடி. புரொபசரைப் பாதியில இறக்கினா எனக்குப் பாவம்."

அவர் பொத்தானை அழுத்திவிட்டு, நான் முடிக்கும்வரை எதிர் இருக்கையில் இருந்தார். வகுப்புக்குப் பிந்தியதற்கான காரணத்தை அலுவலகத்தில் அவரே வந்து சொன்னார்: "குற்றம் எங்கட ரண்டு பேரிலயும்தான்."

மாலையில் கடைசியாக இறங்குபவளும் நான்தான். மற்றப் பிள்ளைகள் இறங்கிய பிறகு வரும் அந்தச் சில நிமிடங்களில்தான் குழுவைப் பற்றிச் சொல்லுவார். கிற்றார் வாசிக்கும் நிமலன் அண்ணை ரயர் கடையில் வேலை செய்கிறார். ட்ரம்ஸ் அடிக்கும் ஷரன் இங்கேயே பிறந்தவர். மூவரும் ஞாயிறுதோறும் அஜக்ஸில் நிமலன் அண்ணையின் கராஜில் கூடினார்கள். எந்த நிறுவனத்தையும் எதிர்பார்க்காமல் தாங்களே பதிவுசெய்து, எட்டுப் பாடல்களோடு முதல் அல்பத்தை வெளியிடுவது அவர்களுடைய திட்டம். கராஜில் ஹீற்றர் போட்டால் அதன் சத்தமும் பதிவாகும் என்பதால், இரண்டு குளிர்காலம் ஜக்கெற்றோடு பாடினார்கள்.

"நாப்பத்தேழு வயசில உதென்ன கூத்து?" என்று என் அம்மா வீட்டில் சொன்னார். கோடையில் தெருவிழாவில் அவர்கள் வாசித்தபோது என்னோடு வந்து, முதல் பாட்டு முழுவதும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். இரண்டாவது பாட்டில் ஒரு கையை எடுத்தார். திரும்பி வரும்போது, "காது போச்சு. ஆனா சொல்லெல்லாம் விளங்குது, என்ன?" என்றார். அடுத்த நாள் நான் இதைச் சொன்னதும் அன்ரி ஸ்ரியரிங்கில் தட்டிச் சிரித்தார். "பேப்பரில வாற விமர்சனத்தை விட உது பெரிசு."

எழுதிய பாடல்களை என்னிடம் தாளில் தருவார். பாராட்டினால் பிடிக்காது. "நல்லாயிருக்கெண்டு சொல்லுறதுக்கு வீட்டில மனுசன் இருக்கிறார். நீ குறை சொல்லு" என்பார். கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் இருந்த வீட்டைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தார். நான் இரண்டு முறை வாசித்துவிட்டுச் சொன்னேன்: "அன்ரி, கண்ணீர் நாலு தரம் வருது."

"அப்ப மூண்டைத் துடைச்சிடுவம்."

மறுநாள் கொண்டுவந்த தாளில் நான்கும் இல்லை. அந்த இடத்தில், ஓர் அறை வாசலில் கிடக்கும் ஒன்பது சோடிச் சப்பாத்துகளும், வேலைக்கு முதலில் போகிறவர் எடுத்துப் போடும் ஒரே ஒரு தடித்த ஜக்கெற்றும் இருந்தன. வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. அதைச் சொன்னேன். "பார்த்தியா, துடைச்ச பிறகுதான் வருது" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அம்மாவின் போனுக்கு அவர் ஓர் ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். 'எட்டாவது பாட்டு. புரொபசர் கேட்டிட்டுக் குறை சொல்லோணும்' என்று கீழே எழுதியிருந்தது. எனக்குத் திங்கட்கிழமை கணிதப் பரீட்சை. பிறகு ஆறுதலாகக் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன். அவருடைய கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாத ஆள் நான் என்பதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை.

அன்ரியின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில், நிமலன் அண்ணை அவருடைய கணவர் சேவியர் அங்கிளோடு பேசிக்கொண்டு நின்றார். அல்பம் வேண்டாம் என்று அண்ணை முடிவெடுத்திருந்தார். "ஏழு பாட்டு இருக்கு, அங்கிள். எட்டாவது அவவின்ர மண்டைக்குள்ளதான் இருந்தது. வாற ஞாயிறு பாடிக் காட்டுறனெண்டவ. போனும் பூட்டிக் கிடக்கு. முடிவில்லாத அல்பத்தை என்னெண்டு விடுறது?"

அங்கிளுக்கு அன்ரியின் போனின் கடவுச்சொல் தெரியாது. நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

நிமலன் அண்ணையின் வானுக்குள் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு இருந்தோம்: அண்ணை, ஷரன், அங்கிள், அம்மா, நான். அம்மாவின் போனில் அந்தப் பதிவைப் போட்டோம். தரிப்பிடத்தில் பேருந்தை நிறுத்திவிட்டு, அன்ரி ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்து பாடியிருந்தார். அடியில் என்ஜின் உறுமியது. விரல்கள் ஸ்ரியரிங்கில் தாளம் போட்டன. 'எல்லாரும் இறங்கிட்டினமோ?' என்பதுதான் பல்லவி. சரணம் ஒவ்வொன்றிலும் குரல் உயர்ந்து, கரகரத்து, கூரையில் மோதியது. இரண்டாவது சரணம் முடிந்ததும் என்ஜினை நிறுத்தும் சத்தம் கேட்டது. உடனே அந்த மணி. அவர் எழுந்து நடந்தார், பாடுவதை நிறுத்தவில்லை.

ஷரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெயிற். அந்த பீப்... அதுதான் டெம்போ! அவ ஸ்ரார்ற்ல தட்டினதும் சேம் ஸ்பீட்."

நிமலன் அண்ணைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஏன் அன்ரி எல்லாப் பாட்டும் ஒரே வேகத்தில போகுதெண்டு ரண்டு வருசம் சண்டை பிடிச்சனான். கடைசி மட்டும் சொல்லேல்லையே, மனுசி! பஸ்ஸுக்குள்ள நடந்து நடந்தெல்லோ கட்டியிருக்கிறா!"

"வீட்டில லைற் நிப்பாட்ட நடக்கேக்கயும் உப்பிடித்தான் முணுமுணுப்பா" என்றார் சேவியர் அங்கிள். "நான் செபமெண்டு நினைச்சன்."

நானும் அதை முதல் நாளே கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குக் கதைதான் பெரிதாக இருந்தது.

பதிவில் நடை ஓரிடத்தில் நின்றது. வரிக்கும் வரிக்கும் நடுவில், பேச்சுக் குரலில், "ஐயோ, புரொபசர் புத்தகத்தை விட்டிட்டுப் போட்டா. திங்கள் குடுக்கோணும்" என்றார். அடுத்த மணிக்குச் சரியாகப் பாட்டைப் பிடித்துக்கொண்டார். பல்லவியைக் கடைசியாக ஒருமுறை முழுக்குரலில் கேட்டார். பிறகு பொத்தானை அழுத்தும் 'டக்'. அமைதி.

நிமலன் அண்ணை மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சொல்லு புரொபசர். கண்ணீர் எத்தனை தரம் வருது?"

"ஒருக்காலும் வரேல்லை, அண்ணை."

"அப்ப குறை?"

"ரண்டாவது சரணத்தில மூச்சு முட்டுது."

"அதை மாத்தவோ?"

"வேண்டாம்."

மணியையும் காலடியையும் புத்தகத்தைப் பற்றிய பேச்சையும் நீக்கிவிடலாம் என்று அண்ணை முதலில் நினைத்தார். "மணியை எடுத்தா நான் எதுக்கு அடிக்கிறது?" என்று ஷரன் கேட்டார். அங்கிள் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அவ நடக்கிறதையும் விடுங்கோ, தம்பி. எனக்கு வேணும்." அடுத்த ஞாயிறு அஜக்ஸில், அந்தப் போன் பதிவுக்கு மேலே கிற்றாரும் ட்ரம்ஸும் ஏறின. அம்மாவும் நானும் ஜக்கெற்றோடு மூலையில் நின்றோம். அம்மா காதைப் பொத்தவில்லை. அல்பத்துக்கு 'கடைசி இருக்கை' என்று பெயர் வைத்தார்கள்.

நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டேன். இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. ஓர் இடத்தைவிட்டுப் புறப்படும்போது இப்போது நான் கடைசி மூலை வரை நடந்து பார்க்கிறேன். வகுப்பறையில், நூலகத்தில், நான் எழுதும் பக்கத்திலும். யாரையாவது விட்டுவிட்டேனா என்று பார்த்த பிறகுதான் மூடுகிறேன். இதை எழுதும்போதும் அப்படியே பார்த்தேன்.

முப்பத்தோராம் நாளாகிய இன்று, இந்த மண்டபத்தில் எட்டுப் பாடல்களையும் முதன்முறையாக எல்லாரும் சேர்ந்து கேட்கப்போகிறோம். ஒரு வேண்டுகோள். எட்டாவது பாட்டில் கிற்றார் நின்றதும் உடனே கைதட்டிவிடாதீர்கள். ரெஜினா அன்ரி அப்போது இருக்கைகளைப் பார்த்துக்கொண்டு நடந்துகொண்டிருப்பார். அவர் பொத்தானை அழுத்தும்வரை பொறுங்கள். பிறகு கூரை அதிரத் தட்டுங்கள்.