ஏறாத நாடி

இதயம் பலவீனமானவர்களை நடக்கவிட்டு நாடி எண்ணுவதுதான் என் வேலை; நர்ஸ் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், நாம் எண்ண ஆரம்பித்த பிறகுதான் கூட வந்தவர்களுக்குப் பேச்சு வரும். 1991-ல் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையோரம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். மாத்திரையை மாற்றும்போதெல்லாம் நோயாளியை வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்கவிட்டு ரத்த ஓட்டத்தைப் பார்க்கச் சொல்வார் டாக்டர். நடந்தது அவர்கள், பயந்து செத்தது நான்.

யாருடைய கை

ஏகாம்பரம் பென்னலூர்க்காரர், ஃபேக்டரி வாட்ச்மேன். உடம்பு வேலைக்குத் தாங்கும் என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால்தான் வேலை நிலைக்கும். மாத்திரை இல்லாமல் நடந்தபோது நாலாவது சுற்றிலேயே மூச்சு வாங்கியது. கையைப் பிடித்தேன், ஐஸாகச் சில்லிட்டிருந்தது. பிணவறையில் தொட்ட கைகள் ஞாபகம் வந்து சட்டென்று விட்டுவிட்டேன்.

ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி நடக்கவிட்டோம். பத்துச் சுற்று. விரல் நுனிவரை கதகதவென்று சூடு. மனுஷன் சந்தோஷப்பட வேண்டாமா? கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இது என் கை இல்ல சிஸ்டர்."

அறுபது

அடுத்த வாரம் துடிப்பை அடக்கும் மாத்திரை ஒன்றும் சேர்ந்தது. உட்கார்ந்திருந்தபோது நாடி அறுபது. நடந்து, சட்டை நனைந்து நின்றபோதும் அறுபதேதான். என் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டு மூன்று தடவை எண்ணினேன். மாத்திரை கொஞ்சம் அதிகம் என்று டாக்டர் பாதியாகக் குறைத்தார். ஏகாம்பரத்தின் சம்சாரம் முனியம்மா என் காதருகே வந்து கேட்டாள்: "நடக்கறது அவருன்னா, உள்ள குந்திகினு கீறது யாரு?"

ஸ்டெத்தில் ஒன்றுமில்லை

மூன்றாவது வாரம் சர்டிபிகேட்டுக்கான நடை. ஷேவ் செய்து, யூனிஃபார்ம் போட்டு வந்தார். பன்னிரண்டு சுற்று நடந்து சுவரோரம் நின்றார். பிரஷர் பட்டையைக் கட்டி ஸ்டெத்தை வைத்தேன். சத்தமே இல்லை. மறுபடி ஊதினேன். பாதரசம் அடிவரை இறங்கியும் ஒரு துடிப்பு கேட்கவில்லை. எதிரே அந்த மனுஷன் சிரித்துக்கொண்டு, "கேக்குதா சிஸ்டர்?" என்கிறார். முகம் மட்டும் சாம்பலாகிக்கொண்டே வந்தது.

"கேக்குது, படுங்க" என்று பொய் சொன்னேன். நானும் முனியம்மாவுமாகப் படுக்கவைத்து, காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து, தூரத்தில் யாரோ நடந்து வருவதுபோல டொக்... டொக் என்று கேட்டது. மாதாவே என்று அழுதேவிட்டேன்.

குழாய் அளவுக்கு மீறி விரிந்து, ரத்தம் காலிலேயே தங்கிவிட்டது என்றார் டாக்டர். ஏன் இப்படி ஆனது என்று எத்தனை தடவை கேட்டும் ஏகாம்பரம் வாய் திறக்கவில்லை. அன்றைக்குச் சர்டிபிகேட்டும் இல்லை. ஒரு மாசம் கழித்து ஒழுங்காக நடந்து காட்டி, கேட்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு எழுதி வாங்கினார். கிளம்பும்போதுதான் சொன்னார்: "டபுள் ஷிப்ட்டுனா ரெண்டு சாப்பாடு துன்றோம்ல சிஸ்டர்? அன்னிக்கு ஜாஸ்தி நடக்கணுமேன்னு சாயந்தர மாத்திரையும் சேத்துப் போட்டுகினேன்."

அன்றிலிருந்து யாருக்கும் நாடியை எண்ணும் முன் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிவிடுகிறேன்; நாடி பொய் சொல்லாது என்று சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த வாட்ச்மேனைப் பார்த்ததில்லை.