இருபத்திரண்டு படி வக்ஃபு

என் பெயிண்டர் மாமாவுக்கு வாழ்க்கையில் இரண்டே இரண்டு சொத்து. ஒன்று, இருபத்திரண்டு படி வைத்த அலுமினிய ஏணி. இன்னொன்று, வாய். முதலாவது கைவிட்டுப் போனதற்கு இரண்டாவதுதான் காரணம்.

ஒரு வியாழக்கிழமை, மச்சானுடைய மெத்தைக் கடையின் மேல்சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் பதினாறாம் படியிலிருந்து வழுக்கிவிட்டார். கீழே வெயிலில் காயப்போட்டிருந்த மெத்தைகள்மேல் விழுந்தார். ஒரு கீறல் இல்லை. வலது செருப்பின் வார் மட்டும் அறுந்தது. கடைக்குள்ளிருந்து ஓடிவந்த மச்சான், அதாவது மாமியின் தம்பி, முதலில் மெத்தையைத்தான் தடவிப் பார்த்தார் என்று மாமா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

"போதும் மச்சான். இனிமே என்கூட கடையில உக்காருங்க. பஞ்சு அடைக்கிற வேலை. விழுந்தாலும் அரை அடிதான்."

மாமாவுக்குப் பஞ்சைப் பார்த்தாலே தும்மல். ஒரு தடவை ஆரம்பித்தால் முப்பது. எண்ணியது மாமி.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து ஆளாளுக்குச் செருப்புத் தேடுகிற நேரம். உயிர் பிழைத்த உருக்கம் தலைக்கேறி, மாமா எழுந்து நின்று, "என் ஏணியை அல்லாவுக்காக வக்ஃபு பண்ணிட்டேன்!" என்று அறிவித்துவிட்டார்.

பத்து நாள் இரவல் தருகிறேன் என்று சொல்லியிருந்தாலும் ஊர் மெச்சியிருக்கும். வக்ஃபு அப்படி இல்லை. விற்க முடியாது, பிள்ளைகளுக்கு விட்டுப்போக முடியாது, மனசு மாறித் திரும்பக் கேட்கவும் முடியாது. பொருள் அப்படியே நிற்கும், பலன் ஊருக்கு. பள்ளிவாசலின் வக்ஃபுச் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் முத்தவல்லியோ பத்திர ஆபீசில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவர். வெறும் சட்டையோடு தொழ வந்தாலும் பையில் பேனா இருக்கும்.

"நிபந்தனை ஏதாவது உண்டா?" என்றார்.

"சொந்தமா ஏணி இல்லாம பொழைப்புக்குக் கஷ்டப்படறவங்க யாரா இருந்தாலும் எடுத்துக்கலாம்."

அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். இரண்டு சாட்சிகளில் ஒருவர் மச்சான். அவ்வளவு அழகாக அவர் கையெழுத்துப் போட்டு யாரும் பார்த்ததில்லை.

மாமி விஷயத்தைக் கேட்டுச் சத்தம் போடவில்லை. அதுதான் பயம்.

"நல்ல காரியம். நாளைக்கு எது மேல ஏறுவீங்க? என் தலை மேலயா? அங்கதான் உங்க அக்கா ஏற்கெனவே ஏறி உக்காந்திருக்காங்களே."

(அந்த அக்கா என் அம்மா. இதைப் பற்றி நான் கருத்துச் சொல்வதாக இல்லை.)

இரண்டு மாதம் மாமா ஸ்டூலுக்கு எட்டிய உயரத்திலேயே பிழைத்தார். கேட்டுக்குப் பெயிண்ட், ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட். ஏணியோ ஓஹோ என்றிருந்தது. வேலையில்லாமல் இருந்த அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள் அதை எடுத்துப்போய்க் கடைகளின் கண்ணாடி துடைக்கத் தொடங்கினார்கள். இப்போது பன்னிரண்டு கடை. கேமரா மாட்டுகிறவர் ஒருவர் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்துவிட்டார். தெருவில் ஏணி போனால், கட்டிக்கொடுத்த மகளைப் பார்ப்பதுபோல் மாமா நின்று பார்ப்பார். யாராவது அதைச் சுவரில் இடித்தால் அவருக்கு விலா வலிக்கும்.

அப்போதுதான் டாக்டர் வேலை வந்தது. புதிதாகக் கட்டிய மருத்துவமனை, மாடியோடு சேர்த்து முன்பக்கம் முழுக்க. வெள்ளிக்கிழமை திறப்பு. "செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள்ள தொடங்கலேன்னா கம்பெனி ஆளுங்களைக் கூப்பிட்டுடுவேன்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமி அதற்கும் மேலே போனார்: "இதுவும் போச்சுன்னா புதன்கிழமை காலையில நீங்க மெத்தைக் கடை."

திங்கட்கிழமை விடிந்ததும் மாமா வக்ஃபு ஆபீசில் நின்றார்.

"ஏணி வெளிய போயிருக்கு" என்றார் முத்தவல்லி.

"யார் எடுத்தது?"

"போர்டு எழுதறவரு. புதுசா ஊருக்கு வந்திருக்காரு. வேலை முடிஞ்சதும் கொண்டுவருவாரு."

"பாய், என் ஏணி பாய் அது!"

முத்தவல்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யார் ஏணி?"

"சரி, அல்லாவோட ஏணி. நான் எடுக்கலாமா, கூடாதா?"

"தாராளமா. கிணத்தை வக்ஃபு பண்ணவருக்கும் அதுல தண்ணி இறைக்க உரிமை இருக்கு. நிபந்தனைப்படி பார்த்தா உங்ககிட்ட சொந்த ஏணியும் இல்ல. முழுத் தகுதி. ஆனா வரிசைன்னு ஒண்ணு இருக்கு. உக்காருங்க."

மாமா உட்கார்ந்தார். திங்கள் முழுக்க உட்கார்ந்தார். செவ்வாய் மதியம்வரை உட்கார்ந்தார். நடுவில் மச்சான் வந்து, "உங்க அளவுக்கு ஒரு முகமூடி வாங்கி வச்சிருக்கேன் மச்சான், பஞ்சு ஏறாது" என்று சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு போனில் கேட்ட எனக்கே தும்மல் வந்தது.

மூன்று மணிக்கு மாமி போன் செய்தார். "எங்க இருக்கீங்க? டாக்டர் கட்டடத்து வாசல்ல எவரோ ஒரு மனுஷன் நேத்துலேர்ந்து ஏணி மேல உக்காந்து கடலை தின்னுட்டிருக்காராம்."

மாமா ஓடினார். மூன்றாம் படியில் ஒருவர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, வேலை செய்யாம ஏணியை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

"போர்டு எழுதணும் பாய். வெறும் சிமெண்டுச் செவுத்துல எப்படி எழுதறது? பெயிண்டர் வரணுமே. எவனோ ஒரு சோம்பேறியாம், ரெண்டு நாளா ஆளைக் காணோம்."

"அந்தச் சோம்பேறி நான்தான். ஏணிக்காகத்தான் ரெண்டு நாளா ஆபீஸ்ல உக்காந்திருக்கேன்!"

"நான் உங்களுக்காகத்தான் இங்க உக்காந்திருக்கேன். திருப்பிக் கொடுத்தா வேற யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்களே."

மாமா ஏணியைப் பிடித்தார். அவர் விடவில்லை. "என் பேர்ல எழுதியிருக்கு. கைமாத்தி விடக் கூடாதுன்னு முத்தவல்லி சத்தியம் வாங்கியிருக்காரு."

ஆகவே முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராக ஏணியைச் சுமந்துகொண்டு கடைத்தெரு வழியாக வக்ஃபு ஆபீசுக்கு ஓடினார்கள். மூலை திரும்பும்போது மாமா ஒரு தெருவிலும் போர்டுக்காரர் இன்னொரு தெருவிலும் மாட்டிக்கொண்டு ஒரு வேனை ஐந்து நிமிஷம் நிறுத்திவைத்தார்கள். முத்தவல்லி வரவு எழுதினார். மை காய்ந்ததும் மாமா பெயரில் பற்று எழுதினார்.

"டாக்டர் கட்டடத்துலதான் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா பாய்?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் மாமா.

"தெரியுமே, இதோ எழுதியிருக்கு. யார் எடுத்ததுன்னு கேட்டீங்க. எங்கன்னு கேக்கலையே."

திரும்ப அதே ஏணி, அதே இரண்டு பேர், அதே வேன். டாக்டர் கம்பெனிக்குப் போன் போட்டுக் காதில் வைத்திருந்தார். மாமா பேசவில்லை; வாழ்நாளில் முதல் தடவையாக. நேராக ஏறினார். பதினாறாம் படியில் கால் நின்றது. கீழே ஏணியைப் பிடித்திருந்த போர்டுக்காரர் கத்தினார்: "பாய், ரசிக்கறதெல்லாம் அப்புறம்! நீங்க முடிச்சு, அது காஞ்சு, நான் எழுதணும்!"

மாமா பதினேழில் கால் வைத்தார். டாக்டர் போனைப் பைக்குள் போட்டார்.

வியாழன் காலை சுவர் முடிந்தது. மாலையில் போர்டும் முடிந்தது. இருவருமாக ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். முத்தவல்லி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன பாய் இது, வக்ஃபுச் சொத்து மேல இவ்வளவு கறை? தொடைச்சுக் கொடுத்துட்டுப் போங்க."

மாமா மண்ணெண்ணெய்த் துணியோடு குந்தினார். "இந்த வெள்ளை என்னுது, ஒத்துக்கறேன். இந்தப் பச்சை பத்து வருஷத்துக்கு முந்தினது பாய். அப்போ இது என் ஏணி."

"அப்போ ஏன் தொடைக்கல?" என்றார் முத்தவல்லி.