மஞ்சள் விமானத்தின் விடுபட்ட கையெழுத்து

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் அலுமினியத் தகடு. விமானி உட்காரும் குழிக்குள், இருக்கைக்குப் பக்கவாட்டில் அதைப் பொருத்தியிருந்தார்கள். எண்கள் பாதி தேய்ந்துபோயிருந்தன. எங்கள் ஆபீஸ் காக்கா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, விரல் நுனியால் தடவித் தடவி ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். ஷார்ஜா வெயில் தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருந்த அந்தக் கொட்டகைக்குள், கையை விமானத்துக்குள் விட்டபடி கண்மூடி நின்றவரைப் பார்த்தபோது, மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவர் போல இருக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அந்த முகத்தை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. பிரியமாக இருக்கிறது.

காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவை லாத்தா என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் மலையாளி டிரைவர் முதல் பாகிஸ்தானி மெக்கானிக் வரை எல்லோருக்கும் அவர் காக்காதான். வேலை பி.ஆர்.ஓ. விசா, லேபர் கார்டு என்று அரசாங்க வாசல்களில் கால் கடுக்க நிற்பது அவர் பாடு. நான் தூத்துக்குடிக்காரி. ஆவணங்கள் என் பொறுப்பு. பழைய விமானங்களை வாங்கிச் செப்பனிட்டு, அவற்றுக்கு ஆசைப்பட்ட பணக்காரர்களுக்குக் கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. முதலாளியை அங்கே எல்லோரும் சொல்வதுபோல் அர்பாப் என்போம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் ஷார்ஜாவில் எதுவும் விலைபோகும் என்ற காலம்.

அந்த விமானம் மட்டும் விற்பதற்கல்ல. அர்பாப் தம் தகப்பனாருக்காக வாங்கியது. பெரிய அர்பாப் சிறுவனாக இருந்தபோது ஷார்ஜா மண்ணில் இரட்டை இறக்கை விமானங்கள் இரவு தங்கிப் போகுமாம். இவர் அவற்றுக்கருகே தண்ணீர் சுமந்து போயிருக்கிறார். தொட விட்டிருக்கிறார்களே தவிர, ஏற விடவில்லை. வயதான காலத்தில் இருதயம் படுத்த ஆரம்பித்ததும், ஒருமுறை அதில் பறந்துவிட வேண்டும் என்று மகனிடம் கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் வந்தவை இங்கிலீஷ்காரர்களுடையவை, இது அமெரிக்காக்காரனுடையது என்று மெக்கானிக் எடுத்துச் சொன்னபோது, "இரண்டு இறக்கை இருக்கிறதா இல்லையா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார் பெரியவர்.

இறக்கைகளைக் கழற்றிப் பெட்டியில் வந்து சேர்ந்த அந்த மஞ்சள் விமானத்தை இங்கே பதிவு செய்தால்தான் பறக்க விடுவார்கள். இங்கே பதிய வேண்டுமானால் அமெரிக்கப் பதிவேட்டிலிருந்து அதை நீக்க வேண்டும். அங்கே நீக்க வேண்டுமானால், பிறந்த நாளிலிருந்து அது யார் யார் கைமாறி வந்தது என்பதற்கு விற்பனைச் சீட்டுகள் ஒன்றுவிடாமல் இருக்க வேண்டும். நம் ஊரில் நிலத்துக்கு மூலப் பத்திரம் பார்ப்பதுபோலத்தான். வால் பக்கம் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணை நம்ப முடியாது. துபாயில் காருக்கு ஃபேன்சி நம்பர் வாங்குவதுபோல் அது ஒரு விமானத்திலிருந்து கழன்று இன்னொன்றுக்குப் போய்விடும். அதை நம்பித் தேடி, நான் ஒரு வாரம் முழுக்க வேறேதோ விமானத்தின் சரித்திரத்தைப் படித்துக் கண்கலங்கியிருக்கிறேன். தகட்டில் பொறித்த எண்தான் பிறவி எண். அதைச் சொல்லி எழுதிப் போட்டதும் அமெரிக்கப் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு சிடியில் முழுக் கோப்பும் வந்தது.

போர்க்காலத்தில் பையன்களுக்குப் பறக்கப் பழக்கிய விமானம். போர் முடிந்ததும் ஏலத்தில் போயிருக்கிறது. முன் இருக்கையைப் பிடுங்கிவிட்டு மருந்துத் தொட்டி வைத்து, பருத்திக் காட்டுக்கு மருந்தடித்திருக்கிறது. விற்பனைச் சீட்டுகளில் எல்லாம் விலை ஒரு டாலர் என்று இருந்ததைப் பார்த்துக் காக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஒரு டாலரா? நம்ம அர்பாபை நல்லா ஏச்சுப்புட்டானுவளே" என்றார். உண்மை விலையை எழுதாமல் ஒரு டாலர் என்று எழுதுவது அந்த ஊர் வழக்கம் என்று நான் விளக்கிய பிறகும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

சிக்கல் கடைசிச் சீட்டில் இருந்தது. பதிவேட்டின்படி விமானம் ஒரு பருத்தி விவசாயிக்குச் சொந்தம். நெடுங்காலம் வைத்திருந்தவர், முன் இருக்கையைத் திரும்பப் பொருத்தியவரும் அவர்தான். ஆனால் எங்களுக்கு விற்ற தரகரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தவர் வேறொருவர். உரிமையாளரின் கையெழுத்து இல்லை. தரகரைக் கேட்டால் ஃபோனை எடுப்பதில்லை. விவசாயியின் விலாசத்துக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதிலில்லை. இதற்கிடையில் பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப்போய் வந்துகொண்டிருந்தார். சீக்கிரம் பறக்கட்டும், தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆளைத் தேடும் வழியைக் காக்காதான் சொன்னார். ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எந்த ஊர்க்காரர்கள் எந்தக் கடை வாசலில் கூடுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அங்கே போய்க் கேட்டால் ஆள் அகப்படாமல் போகமாட்டார். "அந்த அமெரிக்க ஊர்லயும் கடைன்னு ஒன்னு இரிக்குமா இல்லையா? ஆபீசை விடு. கடையில கேளு" என்றார். இன்டர்நெட்டில் துழாவி அந்தச் சிற்றூரின் விதைக்கடை நம்பரைப் பிடித்தேன். எங்களுக்குச் சாயங்காலம், அவர்களுக்குக் காலை. விவசாயியின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர், போன வாரம்தான் அடக்கம் செய்தோம் என்றார். மனைவி இருக்கிறார், தனியாகத்தான் இருக்கிறார் என்று ஃபோன் நம்பரும் கொடுத்தார்.

எனக்கு, சொல்லப்போனால், நிம்மதியாக இருந்தது. வாரிசு மனைவிதான். ஓர் உறுதிமொழியும் ஒரு விற்பனைச் சீட்டும் அனுப்பிக் கையெழுத்து வாங்கிவிட்டால் தீர்ந்தது காரியம். ஃபாரங்களை அன்றைக்கே தயார் செய்துவிட்டேன். காக்கா அவற்றை வாங்கித் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"இத்தா முடியட்டும்" என்றார்.

கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்பது அவர்கள் வழக்கம். அந்த அம்மாள் உங்கள் மார்க்கம் இல்லையே, அவர்களுக்கு இத்தா ஏது என்று சண்டைக்கே போய்விட்டேன். இங்கே ஒரு கிழவர் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார், நீங்கள் அங்கே யாருக்கோ நோன்பு பிடிக்கிறீர்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"எங்க வாப்பா மௌத்தான மறுவாரம் எங்க உம்மாகிட்ட ஒரு பேப்பரை நீட்டுனாஹ. சொந்தக்காரங்கதான். உம்மா அழுதுகிட்டே கையெழுத்துப் போட்டாஹ. என்னன்னு படிக்கலை. அப்புறம் நாங்க அந்த வீட்டுல இல்லை, தங்கச்சி."

ஆனாலும் அர்பாப் விடமாட்டார் என்று நம்பினேன். நாங்கள் இருவரும் போய் நின்றபோது பெரியவரும் அங்கே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காக்கா அரபியில் விஷயத்தைச் சொன்னார். மகன் சலித்துக்கொண்டு நான் கேட்டதையே கேட்டார். அவள் நஸ்ரானி, கிறிஸ்தவப் பெண், அவளுக்கு ஏது இத்தா? பெரியவர் கையை உயர்த்தி மகனை நிறுத்தினார். அவர் சொன்னதைக் காக்கா வெளியே வந்து எனக்குத் தமிழில் சொன்னார்: "அவளுக்கு இல்லாம இரிக்கலாம். நமக்கு இரிக்கே."

கையெழுத்தைக் கேட்கத்தான் கூடாதே தவிர, துக்கம் விசாரிக்காமல் இருக்கலாமா என்றார் காக்கா. அது பாவமில்லையா? ஆகவே நான் ஃபோன் செய்ய வேண்டும், விமானத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு. உலகத்தில் வேறு எந்த ஆபீசிலாவது இப்படி ஒரு வேலையை யாருக்காவது கொடுத்திருப்பார்களா என்று தெரியவில்லை. காக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். உங்கள் கணவர் காலமானதைக் கேள்விப்பட்டோம், மிகவும் வருந்துகிறோம் என்றேன். நன்றி சொன்ன அந்த அம்மாள், அடுத்து கேட்டதை நாங்கள் இருவருமே யோசித்து வைத்திருக்கவில்லை. ஷார்ஜாவில் இருக்கும் உங்களுக்கு என் கணவரை எப்படித் தெரியும் என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. அவருடைய மஞ்சள் விமானம் எங்களிடம் இருக்கிறது என்றேன்.

மறுமுனையில் நாய் குரைத்தது. அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய அக்கா மகன் வந்து, ரிப்பேருக்கு என்று சொல்லி விமானத்தை எடுத்துப் போனானாம். கொட்டகை காலியாக இருப்பதைக் கணவரிடம் சொல்ல மனம் வராமல் இருந்துவிட்டாராம். ரிப்பேர் முடிந்து வரும் என்றுதான் இன்றுவரை நினைத்திருந்தேன் என்றார். ஃபோன் வைக்கப்பட்டது.

தரகரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் அந்த அக்கா மகன்தான் என்று புரிந்தது. சட்டப்படி விமானம் அந்த அம்மாளுடையது. திருப்பிக் கொடு என்றால் கொடுக்கத்தான் வேண்டும். ஒரு கவரில் ஃபாரத்தைப் போட்டு அனுப்பியிருந்தால் ஒருவேளை படிக்காமலே கையெழுத்திட்டிருப்பார். துக்கம் விசாரிக்கப் போய்க் காரியத்தைக் கெடுத்தோம் என்று காக்காவிடம் பொரிந்து தள்ளினேன். "தெரிஞ்சு போடட்டும். இல்லாட்டி தெரிஞ்சே போடாம இரிக்கட்டும்" என்றார். அர்பாபிடம் தானே போய்ச் சொன்னார். அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டதை எங்களிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் என்னை ஃபோன் செய்யச் சொன்னார். நான் தயங்கித் தயங்கித்தான் எண்களை அழுத்தினேன். அந்த அம்மாள் எடுத்தார். சாப்பிட்டீர்களா என்று கேள் என்று காக்கா சைகை காட்டினார். அமெரிக்கர்களிடம் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்று நான் சைகை காட்டினேன். கேள் என்றார். கேட்டேன். அந்தக் கேள்விக்கு அவர் அழுதுவிட்டார். ஒருவருக்காக மட்டும் அடுப்பு மூட்டப் பிடிக்கவில்லை என்றார். அதன் பிறகு வாரா வாரம் பேசினோம். தக்காளிச் செடிக்குப் பூச்சி விழுந்தது, நாய் ராத்திரியில் கொட்டகை வாசலில் போய்ப் படுத்துக்கொள்கிறது, அக்கா மகன் அந்தப் பக்கமே வருவதில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார். பெரியவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு துறுதுறுக்கும். காக்கா தடுத்துவிடுவார். "அதைச் சொன்னா அதுவும் கேக்குற மாதிரிதான்" என்பார். ஒரு தடவை அந்த அம்மாள், வக்கீலைப் பார்த்தேன், விமானத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்கிறார் என்று சொன்னார். நல்லது என்று சொல்லிவிட்டு அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இத்தா முடிந்த வாரத்தில் காக்கா டிராயரைத் திறந்து ஃபாரங்களை என் முன்னால் வைத்தார். நான் கேட்டேன். எப்போது கேட்பாய் என்று காத்துக்கொண்டிருந்தேன் என்றார் அந்த அம்மாள். ஊரில் எல்லோரும் அடக்கம் முடிந்த கையோடு டிராக்டர் விலைக்கு வருமா, நிலம் குத்தகைக்கு வருமா என்று வந்து நின்றார்களாம். ஒன்றும் கேட்காமல் பேசிக்கொண்டிருந்தது நீங்கள் மட்டும்தான், அதுவும் கேட்க வேண்டிய காரியத்தை வைத்துக்கொண்டு என்றார். கையெழுத்துப் போடுகிறேன், ஒன்று மட்டும் செய்யுங்கள், எஞ்சினை முதல் முறை முடுக்கும்போது ஃபோனில் எனக்குக் கேட்க வையுங்கள் என்றார். அதற்குப் பிறகுதான் பெரியவரைப் பற்றிச் சொன்னேன்.

கடற்கரையோரம் இருந்த ஒரு சின்ன ஓடுதளத்துக்கு விமானத்தைக் கொண்டுபோனார்கள். ஆனால் அந்த நான்கு மாதத்தில் பெரியவரின் இருதயம் இன்னும் தளர்ந்துவிட்டது. தரையைவிட்டு எழும்பவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருவர் தூக்கி அவரை முன் இருக்கையில் உட்கார வைத்தார்கள், விமானி பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். நான் என் நோக்கியா ஃபோனைத் தலைக்கு மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் இருமியது, புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. விமானம் ஓடுதளத்தின் கடைசி வரை ஓடி, எழும்பாமலே திரும்பி வந்தது. பெரியவர் கீழே குனிந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். தொட மட்டும் விட்ட விமானத்தில் ஏறிவிட்ட சிறுவனின் சிரிப்பு அது. ஃபோனைக் காதில் வைத்தேன். அந்த அம்மாள் அழவில்லை. இந்தச் சத்தம் கேட்டால்தான் நான் ரொட்டியை அடுப்பில் வைப்பேன், அவர் பறந்துவிட்டு இறங்கி வருவதற்குள் சரியாக இருக்கும் என்றார்.

பெரியவர் அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் போய்விட்டார். பறக்காமல்தான் போனார். காத்திராமல் கையெழுத்து வாங்கியிருந்தால் பறந்திருப்பார். இது எனக்கு நெடுநாள் உறுத்தியது, காக்காவிடமே சொல்லியிருக்கிறேன். அவர் மறுத்ததில்லை. "ஆமா" என்பார். அவ்வளவுதான்.

நான் கல்யாணமாகி ஊருக்குத் திரும்பினேன். காக்காவும் சில வருஷங்களில் விசாவை முடித்துக்கொண்டு காயல்பட்டினம் போய்ச் சேர்ந்தார். பெருநாளைக்குப் பெருநாள் ஃபோன் வரும். சென்ற ஆண்டு அவர் காலமானார். மறுவாரம் நான் போனேன். அந்த ஊரில் பெண்கள் வந்துபோவதற்கென்றே வீடுகளுக்கு இடையில் முடுக்குச் சந்துகள் உண்டு. அதன் வழியாகப் போய்ப் பின்வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள் அறையில், வெள்ளைச் சேலையில், அவர் மனைவி பாயில் உட்கார்ந்திருந்தார். என்னை முன்பின் பார்த்ததில்லை. பக்கத்தில் மூக்குக் கண்ணாடியும் ஒரு பேனாவும் தயாராக இருந்தன. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, களைத்த குரலில் கேட்டார்.

"எந்தப் பேப்பர்லம்மா கையெழுத்துப் போடணும்?"

"ஒன்னும் வேண்டாம் லாத்தா. உங்களைப் பாக்கத்தான் வந்தேன்" என்றேன்.

பேனாவை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு நகர்ந்து, பாயில் எனக்கு இடம் விட்டார்.