புற்றுக்குள் இருந்த வெள்ளை மணிகள்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில், அலோர் காஜாவுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடுமாம். அரிசியோடு பிடிபட்டால் ஜெயில்.

மழை விட்ட ஒரு காலை, வெட்டு முடிந்து மரங்களில் பால் வடிந்துகொண்டிருந்தது. என் அண்ணன் மனைவியும் நானும் மர நிரையோரத்துக் கரையான் புற்றருகே காளான் எடுத்தோம். புற்றுக் காளானின் குடை நடுவே கூர்மையான முனை இருக்கும். அதனால்தான் மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. குடைக்கு அடியில் வெள்ளை மடிப்புகள். தண்டு மண்ணோடு முடிவதில்லை. வேர் மாதிரி ஒல்லியாகிக் கீழே போய்க்கொண்டே இருக்கும். அந்த வாலும் கறிக்கு ஆகும் என்று அண்ணி முழங்கை ஆழம் தோண்டினார். வால் முடிந்த இடத்தில் தேன்கூடு போல ஒரு கட்டி. அதன்மேல் வெள்ளை மணிகள்.

"என்னக்கா பொதைக்கிறீங்க?"

துப்பாக்கியோடு எங்களுக்குக் காவல் நின்ற மலாய்க்கார இளைஞன். தோட்டத்திலேயே வளர்ந்தவன். குழியை எட்டிப் பார்த்ததும் முகம் மாறியது.

"பெராஸ்," என்றான். அரிசி.

"பெராஸும் இல்ல, பருப்பும் இல்ல. கரையான் தின்னுறது," என்றார் அண்ணி.

"கரையானுக்கும் ரேஷன் கார்டு குடுத்துட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணிக்கு வீட்டில் பால்குடிப் பிள்ளை. அவன் போய்ச் சொன்னால் முதலில் லாரியில் ஏற்றுவார்கள், பிறகுதான் விசாரணை.

அண்ணி சொன்னது சரி என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். சருகையும் மரத்தையும் மென்று கரையான்கள் கட்டும் கட்டி அது. காளானின் உடம்பு நூல் நூலாக அதற்குள்தான் வாழ்கிறது. மணிகளைக் கரையான் தின்கிறது. நாம் சமைப்பது மழைக்கு வெளியே வரும் பகுதியை மட்டும். அன்று பேசியது அண்ணிதான்.

"நசுக்கிப் பாரு தம்பி. பச்சரிசி நசுங்குமா?"

ஒரு மணியை எடுத்து நசுக்கினான். விரலில் மாவாய் ஒட்டியது. முகர்ந்தான். கட்டியின் மறுபக்கத்திலிருந்தும் ஒன்று எடுத்தான். அதற்குள் கரையான் கடித்துவிட்டது.

"சரிலா, மூடுங்க," என்று கையை உதறினான்.

கட்டியை உள்ளே வைத்து மண் தள்ளினோம். பாலை எடுத்துத் திரும்பும்போது, வேலிக் கேட்டில் சோதனை போடுகிறவர் காளான் கூடையைக் கவிழ்த்தார். வால் நுனிகளில் சில மணிகள் ஒட்டியிருந்தன. அவர் கேட்கும் முன்பே இளைஞன் மலாயில் சொன்னான்: "நான் நசுக்கிப் பார்த்துட்டேன்." அவர் நம்பவில்லை; தானும் ஒன்றை நசுக்கினார். பிறகு, போகலாம் என்று தலையை ஆட்டினார்.

சிதறிய காளானை நான்தான் பொறுக்கினேன். அண்ணி பிள்ளையைத் தூக்க லயத்துக்குப் போய்விட்டார்.